மணல் மூட்டைக்குப் பதிலாக

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குள் நான் எழுதுகிறவளாக நுழையவில்லை. ஒரு மணல் மூட்டைக்குப் பதிலாக நுழைந்தேன்.

கோடைச் சிறப்பிதழுக்காக ஒரு வாரப் பத்திரிகை என்னிடம் பயணக் கட்டுரை கேட்டிருந்தது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டதால், வடசென்னைக் கடலில் படகேறி டால்பின் பார்ப்பது பற்றி எழுதுங்கள் என்றார் ஆசிரியர். நான் இராயபுரத்தில் பிறந்து இராயபுரத்திலேயே ஐம்பதைத் தாண்டியவள். கடல் என் தெருக்கோடியில் கிடக்கிறது. எனக்கும் அதற்கும் இருந்த உறவு மூக்கோடு சரி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஜன்னலைச் சாத்துவேன். அதற்குள் டால்பின் இருப்பது ஆசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விசாரித்ததில் சின்னப்பையன் என்ற பெயர் கிடைத்தது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது, மச்சானுடைய பைபர் படகை வாங்கிக்கொண்டு திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிப் போகிறார். இதற்கு அனுமதி உண்டா என்று நான் கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். ஒரு நல்ல பதில் கிடைத்த பிறகு இன்னொரு கேள்வி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நான் போன காலையில் படகோரம் ஏற்கெனவே நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் தனியாகப் பேசி வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார் சின்னப்பையன். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். நான்கு பேருக்குப் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம். அதற்காக முன்பக்கம் ஒரு மணல் மூட்டை போட இருந்தாராம்.

"மூட்டைக்குப் பதிலா நீ குந்திக்கக்கா. துட்டு ஒண்ணியும் வாணாம்" என்றார்.

பிறந்ததிலிருந்து என் எடைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நன்றி சொல்லிவிட்டு ஏறினேன். அந்த நன்றி இன்னும் தீரவில்லை. தீராததால்தான் கட்டுரையாக முடியவேண்டியது கதையாக நீண்டுவிட்டது.

2

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "வங்கக் கடல் அன்று ஒரு குழந்தையைப் போல அமைதியாக

(இதை எழுதியவள் குழந்தை வளர்த்ததில்லை, கடலிலும் போனதில்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். விட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அன்று மே ஐந்து, வணிகர் தினம்."

இது நிற்கிறது. அந்த நான்கு பேரில் ஒருவரான ஜெபசிங் அண்ணாச்சிக்கு வேறு நாள் கிடையாது. திருவொற்றியூரில் மொத்த மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றியவர். வணிகர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் ஷட்டர் இறங்கும். கிறிஸ்துமஸ் மதியம் பாதி ஷட்டர் தூக்கியிருக்கும் என்று மகள் ஷிஜி பிற்பாடு சொன்னாள்.

மூன்றாம் தொடக்கம் காதலிலிருந்து. ஷிஜி ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கிரேன் என்றால் தெருவில் நிற்கும் கிரேன் இல்லை. கப்பலிலிருந்து கன்டெய்னர் தூக்குகிற ராட்சச இயந்திரம். அதன் உச்சியில் கண்ணாடி அறை. அங்கே உட்கார்ந்தால் துறைமுகச் சுவருக்கு வெளியே ஓங்கில்கள்* போவது தெரியுமாம். ஓய்வு நேரத்தில் அதைச் செல்போனில் படமெடுத்து, வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்து இது சுறாவா என்று கேட்டாள். இல்லை என்று தொடங்கியவன் அவள் இறங்கும் வரை நிறுத்தவில்லை. காதல் அப்படி வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சம்.

(* டால்பினுக்கு மீனவர் சொல்லும் பெயர் ஓங்கில். டால்பின் என்றே எழுதுங்கள், வாசகர்களுக்குப் புரியாது என்றார் ஆசிரியர். உங்களுக்குப் புரிந்துவிட்டது பாருங்கள்.)

பிரச்சினை காதலில் இல்லை, முகவரியில். ஷிஜி வீட்டில் சொன்னபோது பையன் எந்த ஊர் என்று அண்ணாச்சி கேட்டார். புளியந்தோப்பு என்றாள். பெயர் கேட்டார். பீம்ராவ் என்றாள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஊரும் பேரும் சேர்ந்ததும் சாதி தெரிந்துவிட்டது என்று நினைக்கிற எல்லாரையும் போல அவரும் எழுந்து போய்விட்டார். சத்தம் போடுகிறவர் இல்லை. பிடிக்காத பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். ஒரு முறை இரு தரப்பையும் ஓட்டலில் சந்திக்க வைத்தார்கள். காபி மேசைக்கு வருவதற்குள் எழுந்துவிட்டார். பையன் வீட்டுக்குப் போகமாட்டார். அவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், அதனால் கூப்பிடவும் மாட்டார். ஷிஜியின் அம்மா தேவப்பிரியம், உங்க அப்பா சரின்னா எனக்கும் சரி என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள பீம்ராவ் தயார். ஷிஜி தயாரில்லை. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் அவளுக்கு. அது இல்லாமல் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போயிருந்தாள். இந்தக் கதையில் பணயமாக இருப்பது அதுதான், வேறு எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எழுந்து போக முடியாத ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தவள் ஷிஜி. படகு என்று சொன்னவன் பீம்ராவ். கடல் யார் வீடும் இல்லை என்பதால் அண்ணாச்சியும் மறுக்கவில்லை; தேவப்பிரியம் மட்டும் வரவில்லை.

3

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர், ஒரு பெரியம்மா, ஒரு பெண், ஒரு பையன், யாரும் யாரோடும் பேசாத நான்கு பேர். சின்னப்பையனுக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும். நாலு பேரும் ஒரே குடும்பம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

படகில் உட்காருவது நம் விருப்பம் என்று நினைத்திருந்தேன். இல்லை. சின்னப்பையன் கண்ணாலேயே ஆளை எடை போட்டு இடம் பிரிக்கிறார். எத்தனையோ ஊர்க் கடைக்காரர்களுக்கு நிறுத்துப் போடுகிற மொத்த வியாபாரியை அன்று ஒருவர் நிறுத்தார். அண்ணாச்சி கனம். பீம்ராவின் அம்மா கன்னியம்மாவும் கனம். இரண்டு கனமும் ஒரே பக்கம் போகக்கூடாது. ஆகவே நடுவில் இருந்த குறுக்குப் பலகையின் இடது ஓரத்தில் அவர், வலது ஓரத்தில் இவர். ஓட்டலில் ஒரே மேசையில் உட்கார முடியாதவர்கள் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள்.

முன்பக்கம் நான் வலது. எனக்கு ஈடு கட்ட இடது பக்கம் ஒருவர் போதாது என்று சொல்லி, ஷிஜியையும் பீம்ராவையும் சேர்த்து உட்கார வைத்தார். அண்ணாச்சி வாயைத் திறந்து மூடினார். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த பிள்ளைகளைப் பிரித்தால் படகு சாயும் என்கிறார் ஓட்டுகிறவர். என்ன சொல்ல முடியும்.

(இங்கே ஒரு பத்தி சமன் என்பதைப் பற்றி எழுதியிருந்தேன். படகின் சமன், சமூகத்தின் சமன் என்று போனது. என் தோழி வாசித்துவிட்டு, மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எடுத்துவிட்டேன். படகு சாயாமல் போயிற்று, அது போதும்.)

4

அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டி வைத்த தூண்டில் வளைவின் கற்களைத் தாண்டியதும் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. கரையில் திருவொற்றியூர் சிறுத்தது. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள், தெற்கே துறைமுகக் கிரேன்கள், கிழக்கே உள்ளே போக முறை வராமல் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள். தண்ணீர் நீலமாக இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், அங்கங்கே பாலித்தீன் பை. சில வருடங்களுக்கு முன் இந்த இடத்தில் எண்ணெய் மிதந்தது. இந்தத் தண்ணீரிலா என்று சின்னப்பையனைக் கேட்டேன். இந்தத் தண்ணீரில்தான் என்றார். தூரத்தில் ஒரு முறை திமிங்கலம்கூடப் பார்த்திருப்பதாகச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி முதலில் கேள்விகள் கேட்டார். எல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு. சொந்த ஊர் எது, பையனுக்கு வேலை நிரந்தரமா, அவன் அப்பா எப்போது தவறினார். கன்னியம்மாவும் கடலைப் பார்த்தே பதில் சொன்னார். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாக இருக்கிறார், ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று. அண்ணாச்சி திகைத்துவிட்டார். தன்னைப் பார்த்துத் திருப்பிக் கேள்வி கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஷிஜி முன்னாலிருந்து, தெரியாது அத்தை, அவருக்குத் தெரியும் என்று பீம்ராவைக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டு, மணல் மூட்டை சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி எழுந்து போகிற மாதிரி முட்டியில் கை ஊன்றினார். பழக்கம். ஊன்றிய கை அப்படியே நின்றது. சுற்றிலும் தண்ணீர்.

அடுத்த நிமிடம் அவருக்கு வாந்தி வந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பீம்ராவ் எழப் போனான், எழாதே என்று சின்னப்பையன் அதட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"சம்பந்தியம்மா, அவரு நெத்தியப் புட்ச்சிக்க. தலை தொங்குச்சின்னா இன்னும் வரும்."

சம்பந்தியம்மா. அந்தச் சொல்லை யாராவது திருத்துவார்கள் என்று நான் காத்திருந்தேன். யாரும் திருத்தவில்லை. கன்னியம்மா பலகையில் நகர்ந்து வந்து, ஒரு கையால் அவர் நெற்றியையும் மறு கையால் முதுகையும் பிடித்தார். ஷிஜி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி திமிறவில்லை. அந்த நிலையில் யாரால் திமிற முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓய்ந்ததும் கன்னியம்மா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார். அண்ணாச்சி பாட்டிலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார். வாங்கினார். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துக் கடலில் துப்பினார்.

வாந்தி எடுத்தவர் கொப்பளித்துத் துப்பத்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும், கன்னியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் கன்னியம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று இறுகியது. இனி அண்ணாச்சியின் அடுத்த வாய். அதைக் குடிப்பாரா, அதையும் துப்புவாரா, அல்லது மூடிக் கொடுத்துவிடுவாரா. ஷிஜி பார்த்துக்கொண்டிருந்தாள். பீம்ராவ் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பாட்டிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போது என் பக்கம், வலது பக்கம், யாரோ மூச்சு விட்டார்கள்.

5

சுடுசோற்றை ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு. அவ்வளவு பக்கத்தில். திரும்பினேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழும்பி, வளைந்து, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதை ஒட்டி ஒரு குட்டி, அம்மாவுக்கு எப்போது மூச்சோ அப்போது அதற்கும் மூச்சு. பிறகு படகைச் சுற்றி எங்கே பார்த்தாலும் முதுகுகள். ஒன்று தண்ணீருக்கடியில் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பார்த்தது என்றுதான் சொல்வேன். பாலித்தீன் பை மிதக்கிற அதே தண்ணீரில், பின்னால் துருப்பிடித்த கப்பல் நிற்க, புகைபோக்கி புகைய, அவை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தன.

"ஆரும் எய்ந்துக்காதீங்க. குந்துன எடத்துலயே பாருங்க" என்றார் சின்னப்பையன், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

நான் அழுதேன். இதை அலங்காரமாகச் சொல்ல வரவில்லை. ஐம்பது வருடமாக இந்தக் கடலைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கிறேன். அது என் தெருக்கோடியில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நாளும் என்னிடம் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

(ஓங்கிலுக்குச் சாதி தெரியாது என்று இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். ஓங்கிலுக்கு ஜிஎஸ்டியும் தெரியாது. அதற்காக நாம் கட்டாமல் இருக்க முடியுமா.)

மறுபடி நான் நடுப்பலகையைப் பார்த்தபோது பாட்டில் அண்ணாச்சியின் மடியில் மூடியோடு இருந்தது. தண்ணீர் குறைந்திருந்தது. கொப்பளித்துக் குறைந்ததா, குடித்துக் குறைந்ததா என்பதைப் பாட்டில் சொல்லாது. ஷிஜியும் ஓங்கிலைத்தான் பார்த்திருக்கிறாள், பீம்ராவும் அப்படியே. கதையின் உயிர்நிலை எங்கள் மூவரின் முதுகுக்குப் பின்னால் நடந்துவிட்டது. பார்க்கப் போனவர்கள் பார்க்க வேண்டியதைக் கோட்டைவிட்டோம். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு முறை நடந்தாலும் நான் ஓங்கில் பக்கம்தான் திரும்புவேன்.

அண்ணாச்சி வாய் லேசாகத் திறந்திருக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா தன் ஓரத்துக்குத் திரும்பிப் போகவில்லை, அதே இடத்தில் உட்கார்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் மெல்லத் தள்ளிப் போனதும் சின்னப்பையன் எஞ்சினில் கை வைத்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. இப்பம் என்ன அவசரம்" என்றார் அண்ணாச்சி.

ஷிஜி சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். எந்த இடத்திலும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லையாம்.

6

கரையில் இறங்கியதும் ஷிஜி மணலிலேயே நின்று, அப்பா என்று மட்டும் கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். எல்லாருக்கும் புரிந்தது. அண்ணாச்சி செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். மறு செருப்பையும் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரைட்டர் என்று படகில் சொல்லியிருந்தேன், எந்த ஸ்டேஷனில் என்று கேட்டிருந்தார். கதை எழுதுகிறவள் என்று விளக்கியிருந்தேன்.

"நீங்க எழுதுங்கம்மா. உள்ளது உள்ளபடி எழுதுங்க. அதுல நான் எப்படி இருக்கேன்னு வாசிச்சுப் பாத்துட்டு, எம் மவட்ட சொல்லுதேன்" என்றார்.

இதை ஒரு நழுவல் என்றே அப்போது எடுத்துக்கொண்டேன். எழுந்து போக முடியாத இடத்திலிருந்து வெளியே வந்ததும் அவர் கண்டுபிடித்த புது வழி. ஆனால் எழுத எழுத வேறு மாதிரித் தோன்றுகிறது. தன்னை வெளியிலிருந்து பார்க்க ஒரு மனிதர் கேட்கிறார். என்னிடம் இதுவரை யாரும் இவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்டதில்லை. அவருக்கும் என் நன்றி.

7

வரைவை முதலில் கன்னியம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அதில் அவர் கருணையே வடிவாக இருந்தார். வாந்தி எடுத்தவரின் நெற்றியைப் பிடித்த கையைப் பற்றி ஒரு நீளமான பத்தி. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வாந்தி வந்துச்சு, புட்ச்சேன். வார்டுல தெனம் எவ்ளோ பேருக்குப் புட்ச்சிகினுகீறேன். அதுக்குன்னு என்ன தெய்வமாக்காத. பொண்ணு குடுன்னு நா கெஞ்சிகினு நிக்கல, எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல். அவருக்கு சரின்னா என் வூட்டாண்ட வந்து சொல்லட்டும். நானும் யோசிச்சுதான் சொல்லுவேன்."

பத்தியை எடுத்துவிட்டேன். அவரல்லாத ஒருத்தியை அவர் பெயரில் எழுதியிருந்தேன்; வாசித்துக் காட்டியதால் தப்பித்தேன். அந்த இரண்டாவது வாய்த் தண்ணீர் என்னவாயிற்று என்று கேட்டேன். ஓங்கிலைப் பார்த்தேன், குட்டி அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பீம்ராவுக்கும் ஒரு குறை இருந்தது. அந்த நேரம் பார்த்து ஓங்கில்கள் வந்தன என்பதை, ஏதோ அவர்களைச் சேர்த்துவைக்க வந்தது போல எழுதியிருந்தேனாம்.

"எங்களுக்கோசரம் அது வரலக்கா. அது டெய்லி வர்ற ரூட்டு. நாங்கதான் போயி அது ரூட்டுல நின்னோம்" என்றான்.

திருத்திவிட்டேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவில் ஒரு திமிங்கலத்தை வரவழைத்தேன். சின்னப்பையன் சொன்னதைக் குறித்து வைத்திருந்தேன் அல்லவா. படகுக்குப் பக்கத்தில் அது எழும்ப, பயத்தில் அண்ணாச்சி கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள, எல்லாம் சுபம். மறுநாள் காலை வாசித்தேன். இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லித் திமிங்கலத்தை ஆழ்கடலுக்குத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் முடிவு பதிவாளர் அலுவலகத்தில். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. மாலை மாற்றும் நேரத்தில் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வருகிறார். ஷிஜி வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவர் கடைசி நேரத்தில் ஓடி வருகிற ஆள் இல்லை, வருவதென்றால் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார், வரவில்லை என்றால் வரவே மாட்டார் என்றாள். சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை.

மூன்றாம் முடிவு ஒரே வரி. "ஜெபசிங் மறுத்துவிட்டார்." நம் ஊரில் அதிகம் நடக்கிற முடிவு இதுதான், எழுதவும் எளிது. இதற்கு அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. கலைக் காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டது. நாற்பது வயதில் எழுதியிருந்தால் இரக்கமில்லாமல் எழுதியிருப்பேன், விமர்சகர்கள் பாராட்டியிருப்பார்கள்.

அண்ணாச்சி அந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று எழுதிவிடலாமே என்று தோழி கேட்டாள். குடித்ததாக எழுதினால் அவரைக் கட்டாயப்படுத்துகிறேன். துப்பியதாக எழுதினால் அவரை முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை. மனிதர் உயிரோடு, ஒரு பதிலை வைத்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

9

அண்ணாச்சி, இனி உங்களிடம்தான் பேசுகிறேன்.

உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். தெரிந்ததை எழுதியிருக்கிறேன், தெரியாத ஓர் இடத்தைத் தெரியாது என்றே விட்டிருக்கிறேன். உங்களை வில்லனாக எழுதவில்லை. நல்லவராகவும் எழுதவில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது. ஓங்கில்களைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த முகத்தை எனக்குக் காட்டியதற்காக உங்கள் பதில் எதுவானாலும் உங்களுக்கு நன்றி சொல்வேன். கசப்போடு சொல்லவேண்டி வந்தாலும் சொல்வேன்.

பதில் சரி என்றால் நீங்கள் புளியந்தோப்புக்குப் போகவேண்டியிருக்கும். கன்னியம்மா சொன்னதைத்தான் வாசித்தீர்களே. ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மெதுவாக ஏறுங்கள். அங்கேயும் உடனே பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யோசித்துச் சொல்ல அவருக்கும் உரிமை இருக்கிறது.

இந்த இதழைக் கல்லாவில் உங்கள் முன் கொண்டுவந்து வைப்பது ஷிஜிதான். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். நீங்கள் வாசித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த வரிக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் அவள் நிற்கிறாள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. இனி அவர்கள் வீட்டுப் பேச்சு. நாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வோம்.

இந்தக் கதையில் இதுவரை நான் பாதியில் விட்டவை எல்லாம் எனக்குக் கைவராமல் விட்டவை. கடைசி வாக்கியம் அப்படி இல்லை. அதை முடிக்க வேண்டியவர் வேறு ஒருவர் என்பதால் விடுகிறேன்.

ஜெபசிங் அண்ணாச்சி இந்தப் பக்கத்திலிருந்து தலையை நிமிர்த்தி, எதிரில் நிற்கும் மகளைப் பார்த்து,